மூச்சுக்கு ஒரு புள்ளி

எங்கள் குழுவில் மரியாதை தலைகீழாகத்தான் கிடைக்கும். யார் வீட்டு இணையம் ஆக மெதுவோ அவர்தான் தலைவர். வேகமான இணைப்பு வைத்திருப்பவனுக்குக் கடைசி வரிசை. அவன் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டோம்.

மொத்தம் நான்கு பேர். யாராவது பழைய கணினியைக் குப்பையில் போடுவதைப் பார்த்தால் கை சும்மா இருக்காத ரகம். அதைத் தூக்கிக்கொண்டு வந்து, தூசு தட்டி, உள்ளே புதிதாக எதையாவது ஏற்றி, அது மறுபடி கண் விழிப்பதைப் பார்த்தால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும். இதைப் பற்றித் தமிழில் பேச ஆள் தேடியபோது ஒருவரை ஒருவர் கண்டுபிடித்தோம். நான் பாசிர் கூடாங்கில் ஓர் இரசாயன ஆலையில் கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். பெக்கோக்கில் கைப்பேசி பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர் எங்கள் எல்லோரையும்விட மூத்தவர். அவரை அண்ணே என்போம். தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவன் ஆகச் சின்னவன், தம்பி. நான்காவது ஆள் மெர்சிங்கிலிருந்து படகில் போகவேண்டிய ஒரு தீவில், சுற்றுலா விடுதி ஒன்றின் ஜெனரேட்டரைக் கவனித்துக்கொள்கிறவர். அவரைத் தீவுக்காரர் என்று சொன்னால்தான் எங்களுக்குள் அடையாளம் தெரியும்.

எங்கள் பேச்சில் பாதி புலம்பல், மீதி கிண்டல்.

"எங்க வீட்டுக்கு இன்டர்நெட் லோரியில வருதுலா," என்பார் அண்ணன். "செம்பனைக் குலை மேல போட்டுக் கயிறு கட்டி அனுப்பறாங்க. வழியில குலையை இறக்கிட்டுத்தான் இதைக் கொண்டு வராங்க."

அவர் வீட்டைச் சுற்றி எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம்தான். கைப்பேசிக் கோபுரம் எங்கோ தோட்டத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. அது அனுப்புவதில் பாதியை மரங்களே வாங்கிக்கொள்கின்றன. ஒருமுறை தீபாவளிக்கு முன்னால் இணையத்திலிருந்து எதையோ இறக்க ஆரம்பித்தாராம். அது முடிவதற்குள் பொங்கல் பானையைக் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டதாம். இது அவர் சொன்ன கதை. நான் பொறுப்பல்ல.

ஆனால் தீவுக்காரர் வாயைத் திறந்தால் அண்ணன் தோற்றுவிடுவார். "உங்களுக்காச்சும் லோரி இருக்குண்ணே. எங்க லைன்ல ஒரு எழுத்து கிளம்பினா, படகு நிக்கிற மெர்சிங் ஜெட்டியில இறங்கி, மீ கோரேங் சாப்பிட்டு, பஸ்ஸுக்கு நின்னு, அப்புறம்தான் உங்ககிட்ட வரும்." இதற்கு மறுபேச்சு ஏது? தலைவர் பதவி நிரந்தரமாக அவருக்கே போனது. நடுவில் தம்பி, "என் வீட்ல ஒரு முழுப் படம் ரெண்டு நிமிஷத்துல..." என்று ஆரம்பித்தால் மூவரும் ஒரே குரலில் அவனை அடக்குவோம். காத்திருக்கத் தெரியாதவனுக்கு எங்கள் சபையில் என்ன பேச்சு?

தீவுக்காரருக்காகவே நாங்கள் ஓர் அரட்டைப் பெட்டியை எழுதிக்கொண்டோம். ஊரில் எல்லோரும் பயன்படுத்தும் செயலிகள் அவருடைய இணைப்பில் பாதியிலேயே மூச்சடைத்து நின்றுவிடும். எங்கள் பெட்டியில் படம் கிடையாது, குரல் கிடையாது, வண்ணம்கூடக் கிடையாது. கறுப்புத் திரையில் வெறும் எழுத்து. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இரண்டு நேரங்கள் வரும். ஒன்று அது தட்டப்பட்ட நேரம், இன்னொன்று வந்து சேர்ந்த நேரம். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளியோ அவ்வளவு சிரிப்பு. அதற்காகவே அப்படிச் செய்தோம், வேறு காரணம் இல்லை.

ஒரு மழைநாளில் அவருடைய வரி ஒன்றுகூட வந்து சேரவில்லை. அண்ணன் எழுதினார்: "வார்த்தையெல்லாம் வேணாம். ஒரே ஒரு புள்ளி வை, பாப்போம்." நாங்கள் எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான் அரிசி களைந்துவிட்டு வந்தேன், காய் நறுக்கினேன். திரும்பிப் பார்த்தால் திரையின் அடியில், அவர் பெயருக்குப் பக்கத்தில், ஒரு புள்ளி.

எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆலையில் நான் நாளெல்லாம் பார்ப்பது இதைத்தான்: எங்கோ இருக்கும் ஒரு குழாயின் சூடு, ஒரு தொட்டியின் மட்டம், எல்லாம் திரையில் எண்ணாக வந்து நிற்கும். அதில் எனக்கு ஆச்சரியம் விட்டுப்போய் வருடங்கள் ஆகின்றன. ஆனால் இது அப்படியல்ல. ஜெனரேட்டர் கொட்டகைக் கூரையில் அவரே கட்டிய ஓர் ஆண்டெனா, அதற்கு முன்னால் கொந்தளிக்கிற கடல், அதற்கும் இந்தப் பக்கம் மழையில் மறைந்துபோன ஒரு கோபுரம். இத்தனையையும் தாண்டி, நான் நறுக்கிய கத்தரிக்காய்க்குப் பக்கத்தில் ஒரு மனிதனுடைய விரல் பட்ட அடையாளம் வந்து உட்கார்ந்திருக்கிறது. நான் கையைத் துடைத்துக்கொண்டு பதிலுக்கு ஒரு புள்ளி வைத்தேன்.

அன்றிலிருந்து அது எங்கள் வழக்கமாகிவிட்டது. வணக்கம் கிடையாது, சாப்பிட்டாச்சா கிடையாது. ஒரு புள்ளி வைத்தால் 'இருக்கேன்' என்று பொருள். பார்த்தவர்கள் ஆளுக்கு ஒரு புள்ளி திருப்பி வைக்க வேண்டும். வைக்காவிட்டால் மரியாதைக் குறைவு.

கணினிப் பைத்தியங்களிடம் ஒரு வழக்கத்தைக் கொடுத்தால் என்ன நடக்குமோ அதுவே நடந்தது. அண்ணன் கடையில் கூட்டம் வந்த ஒரு வாரம் அவரால் பதில் வைக்க முடியவில்லை. கிண்டல் தாங்காமல், வீட்டிலிருக்கும் பழைய கணினி தானாகவே புள்ளிக்குப் புள்ளி வைக்கும்படி நாலு வரி எழுதிப் போட்டுவிட்டார். அதைப் பார்த்துத் தம்பி. தம்பியைப் பார்த்து நான். எங்கள் மூன்று பேர் வீட்டிலும் மூன்று இயந்திரங்கள் இரவு பகலாக விழித்திருந்து மரியாதை செலுத்த ஆரம்பித்தன. தீவுக்காரர் மட்டும் மாட்டேன் என்றார். "மெஷின் வச்சா அது மெஷின் இருக்குன்னுதானே அர்த்தம்? நான் இருக்கேனான்னு எப்படிக்கா தெரியும்?" என்று கேட்டார். தலைவருக்கு ரொம்பத்தான் ராங்கி என்று நாங்கள் சிரித்தோம்.

அவருடைய மனைவி எங்கள் அடுக்குமாடியில், எனக்கு இரண்டு மாடி கீழே இருந்தாள். பாலர் பள்ளியில் வேலை. எங்கள் விளையாட்டில் அவளுக்குத் துளிக்கூட மதிப்பு கிடையாது. "புள்ளி வச்சு வெளாடறீங்க, நாலு பெரிய ஆளுங்க. எங்க பள்ளியில பிள்ளைங்ககூட புள்ளிப் பக்கம் முடிஞ்சு அடுத்த பக்கம் போயிருச்சுங்க," என்பாள். கணவர் கூப்பிட்டால் குரல் வெட்டி வெட்டி வரும். ஒரு சொல் வந்தால் இரண்டு சொல் கடலில் விழும். அவள் கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்து முறைப்பாள். "இதைச் சரி பண்ணத் தெரியாதவங்க என்ன கம்ப்யூட்டர் ஆளுங்க?" என்று என்னைக் கேட்பாள். நியாயமான கேள்வி என்பதால் எனக்குக் கோபம்தான் வரும்.

அவள் கர்ப்பமானாள். வருடக் கடைசியில் வாடைக்காற்று தொடங்கியதும் விடுதியை மூடிவிடுவார்கள். ஜெனரேட்டரையும் கட்டடங்களையும் பார்த்துக்கொள்ள இரண்டு மூன்று பேரை மட்டும் விட்டுவைப்பார்கள். அந்த வருடம் தீவுக்காரர் அதில் ஒருவர். பிள்ளை பிறக்க நாள் இருக்கிறது, நடுவில் கடல் அடங்கும்போது ஒரு படகில் வந்துவிடலாம் என்பது அவர்களுடைய திட்டம். பிள்ளைக்கு அந்தத் திட்டம் தெரியவில்லை. மழை பிடித்துக்கொண்ட வாரத்தில், படகுகளெல்லாம் ஜெட்டியில் கட்டிக் கிடந்தபோது, அவளுக்கு இரத்த அழுத்தம் ஏறி, அவசரமாக அறுவை செய்து பெண் குழந்தையை வெளியே எடுத்தார்கள். நானும் என் கணவரும்தான் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனோம்.

குழந்தை என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்குமான நீளம்கூட இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். தாயைத் தவிர யாரையும் உள்ளே விடவில்லை. நான் நடைபாதையில் நின்று கண்ணாடிச் சுவர் வழியாகப் பார்த்தேன். இவ்வளவு சின்ன உடம்பிலும் விலா எலும்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஆலையில் காற்றழுத்திகள் வீடு அளவுக்கு இருக்கும். இதன் முன்னால் அவையெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அப்போது தோன்றியது.

அங்கிருந்த மலாய்த் தாதி பொறுமையான பெண். தாதி சொன்னதைத் தாய் எனக்கு வந்து சொன்னாள். இப்படிக் குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகள் சில சமயம் மூச்சு விட மறந்துபோகுமாம். மறந்தால் மணி அடிக்கும். உடனே தாதி போய்ப் பாதத்தில் விரலால் மெல்லத் தட்டுவார். பிள்ளைக்கு ஞாபகம் வந்துவிடும். பெரும்பாலும் அவ்வளவுதான். இந்த முதல் சில நாட்கள் தாண்டிவிட்டால் நல்லது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். தாண்டாவிட்டால் என்ன என்று அவள் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இதையெல்லாம் நான் எங்கள் பெட்டியில் தீவுக்காரருக்கு எழுதினேன். பெண் பிள்ளை, மூச்சு விட மறக்கிறது, பாதத்தில் தட்டினால் ஞாபகம் வந்துவிடுகிறது, தாய் நலம். வரி வரியாக, சின்னச் சின்னதாக. அவர் பதில் வர வெகுநேரம் ஆனது. "படம்," என்று ஒரே ஒரு சொல். நான் தபால்தலை அளவுக்குச் சுருக்கிய ஒரு படத்தைக்கூட அனுப்பிப் பார்த்துவிட்டேன். அவர் பக்கம் போய்ச் சேரவே இல்லை. அன்றைக்கு அந்த இணைப்பைப் பற்றி யாரும் ஒரு கிண்டலும் பண்ணவில்லை.

மறுநாள் மதியம் அவள் சக்கர நாற்காலியில் குழந்தை இருக்கும் வார்டுக்குப் போவதற்கு முன் என் கையைப் பிடித்தாள். முகம் வீங்கியிருந்தது.

"க்கா, அந்தப் புள்ளி... அது போவுமா?"

"எந்தப் புள்ளி?"

"நீங்க நாலு பேரும் வைப்பீங்களே. அது மட்டுமாச்சும் அவருக்குப் போவுமா?"

"போவும். அதுதான் எப்பவும் போவும்."

"பிள்ளை ஒரு மூச்சு விட்டா நான் ஒண்ணு வைக்கிறேன். அவருக்கு அது தெரியட்டும்."

இத்தனை வருடம் கணினியைக் கட்டி அழுத எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. பிள்ளைகள் அடுத்த பக்கம் போய்விட்டார்கள் என்று எங்களைக் கிண்டல் செய்தவளுக்குத் தோன்றியது. நான் எங்கள் அரட்டைப் பெட்டியை அவளுடைய கைப்பேசியில் போட்டுக் கொடுத்தேன். தாதியிடம் அவள் ஏதோ கெஞ்சினாள். "போலே, செக்கெஜாப் சாஜா," என்று தாதி தலையாட்டினார். கொஞ்ச நேரம் மட்டும் என்று அனுமதி. நான் தீவுக்கு ஒரு வரி எழுதினேன்: "இனி வர்ற ஒவ்வொரு புள்ளியும் உன் மகள் விடற மூச்சு. உன் மனைவி வைக்கிறா."

பிறகு நான் கண்ணாடிக்கு வெளியே, என் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே அவள் கண்ணாடிப் பெட்டிக்கு முகத்தை ஒட்டிவைத்து, திரையைப் பார்க்காமல், பிள்ளையின் மார்பை மட்டும் பார்த்தபடி கட்டைவிரலால் தட்ட ஆரம்பித்தாள். என் திரையில் புள்ளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின. கொஞ்சம் பொறுத்துத் தீவிலிருந்து ஒரு புள்ளி. இன்னொன்று. அவர் ஒவ்வொரு மூச்சுக்கும் பதில் வைக்கிறார். கைக்குள் இருக்கும் ஒரு சின்னக் கண்ணாடியில் ஒரு குழந்தை மூச்சு விடுவதையும், அதை அவள் அப்பா கடலுக்கு நடுவில் வாங்கிக்கொள்வதையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நடைபாதையில் யாரோ சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு வழி கேட்டார்கள். எனக்கு நகரத் தோன்றவில்லை.

எங்கள் வீட்டு இயந்திரங்களும் பதில் வைத்துக்கொண்டிருந்தன. அவள் ஒரு புள்ளி வைத்தால் பெக்கோக்கிலிருந்து ஒன்று, தம்பி வீட்டிலிருந்து ஒன்று, என் வீட்டிலிருந்து ஒன்று. தீவுக்காரர் ஒன்று வைத்தால் அதற்கும் மூன்று. முதலில் எனக்கு அது அழகாகத்தான் இருந்தது. எல்லோரும் சேர்ந்து அந்தப் பிள்ளைக்குத் தலையாட்டுவதாக நினைத்து உருகிக்கொண்டிருந்தேன், முட்டாள்.

தீவின் புள்ளிகள் பின்தங்க ஆரம்பித்தன. அவை வந்து சேர்ந்த நேரமும் தட்டப்பட்ட நேரமும் விலகிக்கொண்டே போயின. பிறகு வரவில்லை.

அழுகிறார் போலிருக்கிறது என்று முதலில் நினைத்தேன். கொஞ்சம் பொறுத்தேன். உள்ளே அவள் விரல் நிற்காமல் தட்டிக்கொண்டிருந்தது. பிள்ளையின் மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் எல்லாம் நன்றாகவே இருந்தது. அந்தப் பக்கம் என்ன தெரியும்? அவர் திரையில் புள்ளி நின்றிருக்கும். ஒவ்வொரு புள்ளியும் உன் மகளுடைய மூச்சு என்று நான்தான் எழுதியிருக்கிறேன். மூச்சு விட மறக்கிறது என்றும் எழுதியிருக்கிறேன். அந்தக் கொட்டகையில் ஒரு மனிதன் தன் பிள்ளையின் மூச்சு நின்றுபோனதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஆலையில் ஒரு கருவியின் முள் அசையாமல் நின்றால் கொதிகலன் நின்றுவிட்டது என்று யாரும் ஓட மாட்டோம். முதலில் கம்பியைப் பார்ப்போம். இங்கே என்ன கம்பி? திரையைப் பார்த்தேன். அண்ணன், தம்பி, நான். அண்ணன், தம்பி, நான். அவளுடைய ஒரு புள்ளிக்கு மூன்று புள்ளிகள், ஒவ்வொன்றும் தன் பெயரையும் நேரத்தையும் முதுகில் கட்டிக்கொண்டு அந்த நூல் போன்ற இணைப்பில் நுழைகின்றன. நுழைய முடியாதவை மறுபடி மறுபடி முட்டுகின்றன. கடல் அல்ல, மழை அல்ல. நாங்கள்தான் வழியை அடைத்துக்கொண்டு நின்றோம், மரியாதையாக.

தம்பியைத்தான் முதலில் கூப்பிட்டு இயந்திரத்தை நிறுத்தச் சொன்னேன். "அக்கா, சரி," என்றான். அடுத்த மூச்சில் அவன் பெயர் திரையிலிருந்து போய்விட்டது. வேகமான இணைப்பை நான் வாழ்த்தியது அன்று ஒருநாள்தான்.

அண்ணன் கடையில் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "அலமாக்," என்று பதறினார். கடையிலிருந்தே வீட்டு இயந்திரத்தை நிறுத்த அவருக்குத் தெரியும். "நான் ஆஃப் பண்ணச் சொல்லி அனுப்பறது வீட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள நானே மோட்டார்ல போயிடுவேன்," என்று வைத்துவிட்டார். எத்தனையோ முறை இதை நகைச்சுவையாகச் சொல்லியிருக்கிறார். இந்த முறை உண்மையாகவே மழையில் மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

என் கணவர் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"என் மேஜைக்குக் கீழ இருக்கற வயரைப் புடுங்குங்க."

"எந்த வயர்? இங்க ஒரு காடே இருக்கு."

"எல்லாத்தையும் புடுங்குங்க."

"எல்லாத்தையுமா? நீயா சொல்றே?"

"ஆமா. சீக்கிரம்."

திருமணமான நாளிலிருந்து இந்த வார்த்தைக்காகத்தான் அவர் காத்திருந்தார். என் பெயர் திரையில் வருவது நின்றது. அண்ணனுடைய புள்ளி மட்டும் வந்துகொண்டே இருந்தது. நான் பெக்கோக்கின் ஒவ்வொரு வளைவையும் மனதில் நினைத்துக்கொண்டு நின்றேன். அந்தக் கடையிலிருந்து அந்த வீடு வரைக்கும் எனக்கு வழி தெரியும். உள்ளே அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். புள்ளி போகிறதா என்று கண்ணால் கேட்டாள். நான் போகிறது என்று தலையாட்டினேன். அவள் நம்பிக் குனிந்துகொண்டாள்.

அண்ணனுடைய புள்ளி நின்றது. வீட்டின் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டார் என்றும், குளிர்பெட்டியில் இருந்த மீனெல்லாம் அன்று மாலை குழம்பானது என்றும் பிறகு தெரிந்தது.

இப்போது திரையில் அவளுடைய புள்ளிகள் மட்டும். ஒன்று. இன்னொன்று. தீவு பேசவில்லை. நான் ஒரு சொல்கூட எழுதவில்லை. எழுதினால் அதுவும் போய் வழியில் நிற்கும். சும்மா இருப்பதைத் தவிர வேறு எதுவும் செய்ய முடியாத அந்த நேரத்தில் நான் கும்பிடாத சாமி இல்லை.

திடீரென்று என் திரை ஓடியது. தீவுக்காரரின் புள்ளிகள். ஒன்று இரண்டு அல்ல. வரிசை வரிசையாக, நான் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டிய அளவுக்கு. அடைபட்டிருந்ததெல்லாம் அவிழ்ந்து வந்துவிட்டது. நான் சுவரில் சாய்ந்து அழுதேன், வெட்கப்படாமல்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தபோதுதான் நேரங்கள் கண்ணில் பட்டன. வந்து சேர்ந்த நேரம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். தட்டப்பட்ட நேரங்கள் அப்படி இல்லை. அந்தப் பக்கம் எதுவும் போய்ச் சேராமல் இருந்த அந்த நேரம் முழுக்க, ஒரு புள்ளி, கொஞ்சம் விட்டு ஒரு புள்ளி, கொஞ்சம் விட்டு ஒரு புள்ளி. சீராக, ஒரு குழந்தை மூச்சு விடும் சீரில். பதில் வைப்பதற்கு அவருக்கு எதுவுமே வந்திருக்காது. ஆனாலும் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஓர் இடத்தில்கூட விடவில்லை.

நான் மேலும் கீழுமாக அதைத் தள்ளிப் பார்த்தேன். சிரிப்பதற்காக நாங்கள் கட்டிய பெட்டி அது. அதற்குள் இப்படி ஒன்று வந்து கிடக்கும் என்று யார் நினைத்தது? எனக்குத் தெரிந்த எந்தக் கருவியாலும் அதை அளக்க முடியாது.

தாதி அவளை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார். "போச்சாக்கா?" என்று கேட்டாள். நான் கைப்பேசியை அவள் மடியில் வைத்தேன். எது எந்த நேரம் என்று விளக்கினேன். நடுவில் புள்ளிகள் அவருக்குப் போகாமல் நின்றதையும் மறைக்காமல் சொன்னேன். அவள் அந்தப் புள்ளிகளை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிக்கொண்டே போனாள். லிப்ட் வந்தது, போனது, மறுபடி வந்தது.

கடல் அடங்கி முதல் படகு வந்த அன்று நான் விடுப்பு எடுத்துக்கொண்டு மெர்சிங் ஜெட்டிக்குப் போனேன். அதற்குள் பிள்ளை நன்றாகத் தேறியிருந்தாள். மணி அடிப்பது குறைந்துவிட்டது. தீவுக்காரர் உப்புத் தண்ணீரில் நனைந்த பையோடு இறங்கி வந்து காரில் ஏறினார். தாடி வளர்ந்திருந்தது. பிள்ளைக்கு முடி இருக்கிறதா, யார் மாதிரி இருக்கிறாள் என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஊர் தாண்டி மழை மறுபடி பிடித்துக்கொண்டது. அப்போது நான் கேட்டேன்.

"அன்னைக்கு இந்தப் பக்கத்துல இருந்து ஒண்ணுமே வரலியே. நீ மட்டும் ஏன் வச்சுக்கிட்டே இருந்தே?"

அவர் மடியிலிருந்த பையைக் காலடியில் இறக்கி வைத்தார்.

"பிள்ளை மூச்சு விட மறந்துடுச்சுன்னு நெனச்சேங்கா," என்றார். "தட்டினா ஞாபகம் வந்துடும்னு நீங்கதானே எழுதினீங்க. எனக்கு அங்கிருந்து தட்டறதுக்கு வேற என்ன இருக்கு?"

கோத்தா திங்கி வரும்வரை நான் காரை எங்கும் நிறுத்தவில்லை. வைப்பர் ஓடிக்கொண்டே இருந்தது.